அரசு போட்ட தொட்டில்



ஒரு மாநிலத் தலைவர் குடும்பத்தையும் குழந்தையையும் எப்படிப் பார்த்தார் என்று பேச அழைத்தார்கள். எந்தத் தலைவர் என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. மதிய உணவில் தொடங்கி, காமராஜர், எம்.ஜி.ஆர்., சத்துணவு, முட்டை, காலைச் சிற்றுண்டி என்று வரிசையாக வந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கைதட்டும் கிடைக்கும். சோற்றைப் பற்றிப் பேசினால் யாருக்கும் மனவருத்தம் வராது.

நான் அந்த வழியில் போகவில்லை. ஜெயலலிதாவைப் பற்றிப் பேசப்போகிறேன். குறிப்பாக, அவர் போட்ட தொட்டிலைப் பற்றி. அவருக்கு நான் ஓட்டுப் போட்டேனா என்று கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது யாரும் கேட்காதீர்கள்; சொல்லமாட்டேன். அது இன்றைய பேச்சுக்குத் தேவையும் இல்லை.

முதலில் ஒரு பெயர்: போதும்பொண்ணு. மதுரை, தேனிப் பக்கம் போனால் வயதான பெண்களிடம் இந்தப் பெயரை இன்றும் கேட்கலாம். மூன்றாவதோ நான்காவதோ பெண்ணாகப் பிறந்துவிட்டால், சாமியிடம் 'இத்தோடு போதும்' என்று சொல்வதற்காக வைத்த பெயர். வேண்டாமிர்தம் என்றும் உண்டு. 'அமிர்தம்' என்று ஒட்டவைத்துச் சமாளித்திருக்கிறார்கள். ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில், நூறு நாள் வேலை அட்டையில் எல்லாம் அந்தப் பெயர்தான். வாசலில் நின்று யார் கூப்பிட்டாலும் 'நீ போதும்' என்று கேட்டபடியே அந்தப் பெண் ஆயுள் முழுக்க வாழ்ந்திருக்கிறாள். பெயரோடு நிறுத்திக்கொண்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெயர் வைக்கும் நாள் வருவதற்கு முன்பே கணக்கை முடித்தவர்களும் இருந்தார்கள்.

1985 இறுதியில் ஜூனியர் விகடனும், அடுத்த ஆண்டு இந்தியா டுடேயும் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் நடந்துகொண்டிருந்த பெண் சிசுக்கொலையை வெளியே கொண்டுவந்தன. கள்ளிப்பால் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு புதிய, கோரமான பொருள் அப்போதுதான் ஊரறிய வந்தது. எருக்கம்பால், நெல்மணி என்று மற்ற வழிகளும் இருந்தன. அவற்றை விவரிக்க எனக்கு மனமில்லை. உசிலம்பட்டி என்றாலே அங்குள்ள ஒரே ஒரு சமூகத்தின் மேல் விரலை நீட்டிவிட்டு மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். அது நியாயமில்லை. பின்னால் வந்த ஆய்வுகள், மதுரையில் தொடங்கி திண்டுக்கல், சேலம், தருமபுரி என்று ஒரு பட்டை போல, பல சாதிகளுக்குள்ளும் இது ஓடியதைக் காட்டின. கிணறும் தோட்டமும் வைத்திருந்த வசதியான குடும்பங்களும் அதில் உண்டு.

எண்ணைச் சொல்கிறேன். ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பது கணக்கு. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி 948. சேலம் மாவட்டத்தில் 849. நாமக்கல்லும் சேர்ந்த பழைய சேலம் மாவட்டம் அது. மாநிலச் சராசரியைவிட 1,000-க்கு 99 குறைகிறது என்றால் என்ன? ஒரு தொடக்கப் பள்ளியில் காலை வணக்கத்துக்கு வரிசை நிற்கும்போது, பெண் பிள்ளைகள் வரிசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குட்டையாக இருக்கும். தலைமையாசிரியர் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். பட்டது, யாரும் பேசவில்லை.

அந்தக் கணக்கெடுப்பு நடந்த 1991-இல்தான் ஜூன் மாதம் ஜெயலலிதா முதல்முறை முதல்வரானார். அடுத்த ஆண்டு, 1992-இல், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது.

திட்டம் எளிமையானது. பெண் குழந்தையை வளர்க்க முடியாது என்று நினைப்பவர்கள் அதைக் கொல்ல வேண்டாம். அரசு வைத்திருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம். பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். அரசு வளர்க்கும், தத்துக் கொடுக்கும். மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் தொட்டில்கள் வந்தன. 1996-இல் ஆட்சி மாறியதும் திட்டத்தின் வேகம் அடங்கியது. 2001-இல் அவர் திரும்பி வந்ததும் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்தது. 2011-இல் மூன்றாம் முறையாக வந்தபோது கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கும் போனது. இந்தக் கடைசிப் பட்டியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதில் ஜெயலலிதாவுக்குக் கொடுக்க வேண்டிய பெருமையைக் குறைக்காமல் கொடுத்துவிடுகிறேன். ஆட்சியில் இருப்பவர்கள் பொதுவாகத் தங்கள் மாநிலத்துக்கு நல்ல பெயர் வாங்கித்தரும் பலகையைத்தான் மாட்டுவார்கள். இவர் மாட்டியது வேறு பலகை. 'என் மாநிலத்தில் பெற்ற பெண் குழந்தையைக் கொல்கிறார்கள்' என்று அரசே எழுதி மருத்துவமனை வாசலில் வைத்ததற்குச் சமம் அந்தத் தொட்டில். அதிகாரிகள் 'அப்படியெல்லாம் இல்லை, பத்திரிகைக்காரர்கள் ஊதிவிட்டது' என்று கோப்பை மூடிவிடுவது எளிது. மூடவிடவில்லை. ஒரு குழந்தை பிழைத்திருந்தாலும் அந்தத் தொட்டில் வேலை செய்தது என்றுதான் நான் சொல்வேன். பிழைத்தவை ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில்.

எதிர்ப்பும் அப்போதே இருந்தது. பெண்கள் இயக்கங்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: பெண் குழந்தை வேண்டாம் என்பதை மாற்றச் சொன்னால், வேண்டாததைப் போடுவதற்கு இடம் காட்டுகிறீர்களே? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. கராச்சியில் அப்துல் சத்தார் ஈதி தன் மையங்களின் வாசலில் தொட்டில் வைத்தபோதும், கேரளத்தில் 2002-இல் அம்மத்தொட்டில் வந்தபோதும், ஜெர்மனியில் மருத்துவமனைச் சுவரில் ஜன்னல் வைத்தபோதும் இதே வாதம்தான் நடந்தது. 2007-இல் மத்திய அமைச்சர் ரேணுகா சௌத்ரி நாடு முழுக்கத் தொட்டில் வைக்கப்போவதாக அறிவித்தபோதும் தில்லியில் இதே கேள்வி எழுந்தது. தீ பிடித்த வீட்டில் குழந்தையை ஜன்னல் வழியே வாங்குகிறவனிடம் 'வயரிங் சரியில்லை, அதைப் பார்' என்று சொல்வது சரியா? சரியில்லை. ஆனால் குழந்தையை வாங்கி முடித்த பிறகும் அவன் வயரிங்கைப் பார்க்கவில்லை என்றால், அப்போது கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் அந்தத் தொட்டிலை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேற்கு மாவட்டம் ஒன்றில் ஓர் அரசு மருத்துவமனை. ஊர்ப் பெயர் வேண்டாம். பிரசவ வார்டுக்குப் போகும் நடையின் ஓரத்தில், காவலாளி நாற்காலிக்கு எதிரே, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புத் தொட்டில். கொசுவலை. மேலே பலகை. அன்றைக்கு அதில் குழந்தை இல்லை. யாரோ நோயாளியின் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார்கள். அங்கிருந்த செவிலியர், வயதான அம்மா, அந்தத் தூக்கை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

"ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் சார் வரும். விடியறதுக்குள்ள."

"யார் கொண்டுவருவாங்க?"

"பாட்டிதான். அம்மாவோட அம்மா, இல்லேன்னா மாமியார். சில நேரம் பெத்தவளே வருவா. நடக்கவும் முடியாம வருவா."

"அப்பா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் பார்த்ததில்ல சார். பஸ் ஸ்டாண்டுல நிப்பாங்களோ என்னவோ."

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். ஒரு விடியற்காலையில் பழைய சேலைத் துணியில் சுற்றிய குழந்தை. எடுத்துத் துடைக்கப் பார்த்தால் கன்னத்தில் மைப்பொட்டு. திருஷ்டிப் பொட்டு. யார் கண்ணும் பட்டுவிடக்கூடாது என்று பொட்டு வைத்து, பிறகு கொண்டுவந்து போட்டிருக்கிறாள். "அந்தப் பொட்டை மட்டும் நாலு நாள் நாங்க யாரும் அழிக்கல சார்" என்றார். அதன் பிறகு, தொட்டிலில் போடும் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பேச்சே வருவதில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்ற அந்த அப்பாவிடம்தான் என் பேச்சு முழுக்கப் போய் நிற்கிறது.

சட்டப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச்செல்வது குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை என்றது. யார் விட்டால்? 'தந்தையோ தாயோ' என்று தந்தையை முதலில் சொன்னது. 1860-இல் எழுதிய வெள்ளைக்காரனுக்குக்கூடக் குழந்தைக்கு அப்பா ஒருவர் உண்டு என்று ஞாபகம் இருந்திருக்கிறது. நடைமுறையில் சிசுக்கொலை வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களைப் பாருங்கள்: தாய், பாட்டி, மருத்துவச்சி. சொத்து யார் பேரில், வரதட்சிணைப் பேச்சு யார் வாயில், 'இதுவும் பொட்டையா' என்று ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப்போனது யார் என்றெல்லாம் வழக்குக் கட்டில் வருவதில்லை. 1994-இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' வந்தது. குடும்பநலத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. திரையரங்கில் அழுதவர்களில் பாதிப் பேர் அப்பாக்கள். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போய்விட்டோம். 'தோம்' என்றுதான் சொல்கிறேன். நானும் அதில் ஒருவன்.

அரசின் பார்வையும் அதேதான். தொட்டிலோடு அதே 1992-இல் இன்னொரு திட்டமும் வந்தது: பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஆண் பிள்ளை இல்லாமல் ஒன்று அல்லது இரண்டு பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள ஏழைக் குடும்பத்தில், பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்டால், குழந்தையின் பேரில் அரசு வைப்புத்தொகை போடும். பத்தாம் வகுப்பு வரை படித்து, 18 வயது முடிந்ததும் வட்டியோடு கைக்கு வரும். 2001-இல் ஒரு பெண் என்றால் 22,200 ரூபாய், இரண்டு என்றால் ஆளுக்கு 15,200. 2011-இல் அது 50,000 என்றும் ஆளுக்கு 25,000 என்றும் உயர்ந்தது.

நல்ல திட்டம். படிப்பையும் கல்யாண வயதையும் பணத்தோடு முடிச்சுப் போட்டது புத்திசாலித்தனம். இதை வாங்கிக்கொண்டு நர்சிங் சேர்ந்த பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் 'பெற்றோரில் ஒருவர்' என்ற சொல்லைப் பாருங்கள். எவ்வளவு பொதுவாக, எவ்வளவு நியாயமாக இருக்கிறது! தமிழ்நாட்டில் கருத்தடை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆக அந்த 'ஒருவர்' யார் என்பது மனுவை நிரப்பும்போதே எல்லோருக்கும் தெரியும். பிரசவித்தவளே படுத்துக்கொள்வாள், அறுத்துக்கொள்வாள், தையல் பிரிக்க வருவாள். மனுவில் கையெழுத்துப் போடுவது மட்டும் அவர்.

1990-களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணம் என்று ஒன்று நடந்தது. டென்மார்க் உதவியில் நடந்த சுகாதாரத் திட்டத்தின் கீழ் தெருநாடகக் குழுக்கள் ஊர் ஊராகப் போயின. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் பறையடித்துப் பழகிய நண்பர்கள் சிலர் அதில் இருந்தார்கள். அவர்களோடு சில ஊர்களுக்கு ஒட்டிக்கொண்டு போனேன். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் சிசு மரணங்களை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்து, எந்த வட்டாரத்தில் என்ன நடக்கிறது என்று ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் எழுதிய காலம் அது. கிராம சுகாதாரச் செவிலியர், ஊரில் 'நர்சம்மா' என்பார்கள், தன் சின்னப் பதிவேட்டில் எழுதிவைத்த வரிகள்தான் அவர்களுக்கு ஆதாரம். 'பெண், 3-ஆம் நாள், காரணம்: மூச்சுத்திணறல்.' அடுத்த பக்கம், 'பெண், 5-ஆம் நாள்.' ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த ஊரில் மூச்சு திணறவே இல்லை.

ஒரு கிராமத்தில் நாடகம் முடிந்தது. பெண்கள் முன்னால் தரையில், ஆண்கள் பின்னால் திண்ணையிலும் டிராக்டரிலும். 'கேள்வி இருந்தா கேளுங்க' என்றோம். ஒரு பெரியவர் எழுந்தார். 'மூணு பொட்டப்புள்ளைய வளர்த்து, நகை போட்டுக் கட்டிக்குடுத்தா என் காடு எங்கே போகும்? அதைச் சொல்லுங்க' என்றார். நாடகக்காரர்களிடம் பதில் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: 'உன் பேத்திக்குப் போகும். எங்கே போகும்?' கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

அந்தக் கிழவி ஒரு வரியில் சொன்னது அப்போதே சட்டம் ஆகியிருந்தது. 1989-இல் கருணாநிதி அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று ஆக்கியது. மத்திய அரசு நாடு முழுக்க அதைச் செய்ய 2005 ஆனது. ஆனால் காகிதத்தில் வந்த பங்கு எப்படிக் கரைகிறது என்று பார்க்க, முகூர்த்த மாதத்தில் ஏதாவது ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் அரை நாள் நில்லுங்கள். அக்கா தங்கைகள் பட்டுச்சேலை கட்டி வந்திருப்பார்கள். அண்ணன் கார் அனுப்பியிருப்பார். உள்ளே விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். 'சீர் எல்லாம் நிறையச் செஞ்சுட்டோம், பாத்தியதை ஒன்றும் இல்லை' என்று எழுதி, பெருவிரலை உருட்டி ரேகை வைத்துவிட்டு, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். பெயரே விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை?

ஜெயலலிதாவின் குடும்பநலப் பார்வையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். பெண் குழந்தை 'செலவு' என்று அந்தப் பெரியவர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் என்றார். வைப்புத்தொகையின் உள்ளர்த்தம் அதுதான். 2011-இல் வந்த தாலிக்குத் தங்கம் அதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் 5,000 ரூபாயாகத் தொடங்கிய திருமண உதவி. அதை இவரே 2002-இல் நிறுத்தினார், அடுத்த ஆட்சி மறுபடி கொடுத்தது. இவர் திரும்பி வந்ததும் பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணுக்கு 25,000, பட்டம் பெற்றவளுக்கு 50,000, அதோடு 4 கிராம் தங்கம் என்றார். 2016-இல் தங்கம் 8 கிராம், ஒரு சவரன். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயரில் தாலிக்குத் தங்கம்! இராமாமிர்தம் அம்மையார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. 2022-இல் அந்தத் திட்டத்தைப் புதுமைப்பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கியது என் கணக்கில் சரியான திருத்தம். கல்யாண மண்டபத்துக்குப் போன பணம் கல்லூரிக்குப் போகிறது.

தங்கத்தை வாங்கியவர்களை நான் பழிக்கவில்லை. வாங்கத்தான் வேண்டும், அது அவர்கள் வரிப்பணம். ஆனால் அரசே தட்டில் ஒரு சவரன் வைத்தால், மாப்பிள்ளை வீட்டார் 'அரசு போட்டது போக நீங்க எத்தனை?' என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். தொடங்கினார்கள்.

இனி, தாய் என்று வந்தால் அவர் கை எப்படி விரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரசுப் பெண் ஊழியர்களின் மகப்பேறு விடுப்பை 90 நாளிலிருந்து 2011-இல் ஆறு மாதமாக்கினார். 2016-இல் ஒன்பது மாதம் என்று அறிவித்தார். மத்தியச் சட்டம் தனியார் துறைப் பெண்களுக்கு 26 வாரம் தந்தது அதற்கடுத்த ஆண்டுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 6,000-லிருந்து 12,000 ஆனது. 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் வந்தன. முந்தானையால் மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அறை ஒரு முதல்வருக்குத் தோன்ற, அவர் பெண்ணாக இருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு ஆண்ட யாருக்கும் தோன்றவில்லை; இத்தனைக்கும் எல்லோரும் பேருந்து நிலையம் திறந்துவைத்தவர்கள்.

அதே ஆண்டு குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் வந்தது. அரசு மருத்துவமனையில் பெற்றவளுக்கு 16 பொருள். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. குழந்தையைத் தொடும் முன் கை கழுவ ஒரு திரவம். அம்மாவுக்குத் தனியாக ஒரு சோப்பும் சௌபாக்ய சுண்டி லேகியமும். என் தங்கை மகள் பெற்றபோது அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். என்னை நிறுத்தியது அந்த லேகியம். பிறந்த வீட்டில் அம்மா சுக்கு இடித்துக் கிளறிக் கொடுப்பதை அரசாங்கம் டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறது. தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு அதன் அருமை தெரியும். பெட்டியில் ஒட்டப்பட்ட ஜெயலலிதா படத்தைப் பற்றி ஆயிரம் கேலி செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை யோசித்துப் போட்ட கை, பிரசவ வார்டின் வாசனை தெரிந்த கை.

16 பொருளில் அப்பாவுக்கு ஒன்றுமில்லை. சிரிக்காதீர்கள், பரிசு கேட்கவில்லை. ஒரு துண்டுச்சீட்டு இருந்திருக்கலாம். 'இந்தப் பொருள்களைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்ள வேண்டியவர்: தந்தை' என்று.

ஜெயலலிதா தன் இரண்டாவது வயதில் தந்தையை இழந்தவர். தாய் சந்தியா நடித்துச் சம்பாதித்து வளர்த்தார். குடும்பம் என்றால் அம்மாவும் பிள்ளையும் என்று அவர் மனதில் அப்போதே படிந்துவிட்டதா என்று ஒரு நண்பர் கேட்டார். மனோதத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை. தந்தை உள்ள முதல்வர்களும் இதே மாதிரிதான் திட்டம் போட்டார்கள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

தொட்டில் வேலை செய்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். 2001-இல் தருமபுரியின் எண் 826. சேலம் 851. நாமக்கல் பிரிந்த பிறகான சேலம் அது. பத்தாண்டு தொட்டில் இருந்தும் சேலம் 900-க்குக் கீழேதான் இருந்தது. 2011-இல் இரண்டு மாவட்டமும் 900-ஐத் தாண்டிவிட்டன. இடைப்பட்ட பத்தாண்டில் தொட்டில் மட்டும் இல்லை. கலைப்பயணம் இருந்தது, கர்ப்பிணியை மூன்றாம் மாதத்திலிருந்து கண்காணித்த நர்சம்மா இருந்தார், பிறந்த குழந்தையைப் பார்க்க வாரம் தவறாமல் வந்த கண்கள் இருந்தன, ப்ளஸ் டூ வரை படித்த தாய்மார்கள் இருந்தார்கள். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று பிரிக்க என்னால் முடியாது. என் கணிப்பில் நர்சம்மாவுக்குத்தான் அதிகம்.

அதே 2011-இல் கடலூரும் அரியலூரும் 900-க்குக் கீழே இறங்கின. முன்பு சொன்ன கடைசிப் பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே தொட்டில் வைத்தார்கள். ஆனால் கடலூர் நோய் வேறு. அங்கே கள்ளிப்பால் மரபு இல்லை. அங்கே குறைந்த பெண்கள் பிறந்து இறந்தவர்கள் இல்லை, பிறக்கவே விடப்படாதவர்கள். ஸ்கேன் அறையில் முடிந்த கதைக்கு மருத்துவமனை வாசலில் தொட்டில் என்ன செய்யும்? கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்து, 1996 முதல் நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும். சுவரில் 'இங்கு ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது' என்ற பலகை. பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே சொல்லும் வழிகளையும் கண்டுபிடித்தார்கள். தொட்டில் வைக்க ஒரு தச்சர் போதும். ஸ்கேன் மையத்தின் படிவத்தைச் சரிபார்க்க, அரசியல் செல்வாக்குள்ளவர்களைப் பகைத்துக்கொள்ளும் அதிகாரி வேண்டும். எது எளிதோ அது நடந்தது.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன். எனக்கு இரண்டாவதும் மகள். ஆஸ்பத்திரி எது என்று கேட்க வேண்டாம். வார்டு ஆயா வெளியே வந்து, 'பையன்னா ஐநூறு, பொண்ணுன்னா முந்நூறு குடுங்க சார்' என்றார். என் அம்மா, 'பரவாயில்ல, மகாலட்சுமி வந்திருக்கா' என்றார். அந்தப் 'பரவாயில்ல' எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் முந்நூறைக் கொடுத்தேன். இருநூறு மிச்சம் என்று ஒரு விநாடி நினைத்தேன் என்பதை இருபத்தைந்து ஆண்டு கழித்து இந்த மேடையில்தான் ஒப்புக்கொள்கிறேன். கள்ளிப்பாலும் ஸ்கேனும் வேறு யாரோ செய்வது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இருநூறு ரூபாய் ஞாபகம் வரும்.

2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போனது. அதற்குப் பின் நான் பார்த்தது 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள், 1,000 ஆணுக்கு 878 பெண். அதற்கு முந்தைய ஆய்வில் 954. மாதிரி ஆய்வில் ஏற்ற இறக்கம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 76 புள்ளி என்பது தூங்கவிடக்கூடிய இறக்கம் இல்லை. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று மறைந்தார். 878 என்ற எண்ணுக்கு அவர் பதில் சொல்ல முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இன்று ஒரு சின்ன வேலை கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் கடந்த மூன்று ஆண்டில் பிறந்த ஆண் குழந்தைகள் எத்தனை, பெண் குழந்தைகள் எத்தனை, உங்கள் வட்டாரத்தில் எத்தனை ஸ்கேன் மையங்கள், அவற்றில் கடைசியாக ஆய்வு நடந்த தேதி என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாள், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். மனுவின் மாதிரியை 40 நகல் எடுத்து வந்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. அப்பாக்கள் முதலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.